எக்ஸ் அச்சு எங்கே போய் நின்றது?

போன இதழில், யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மெஷின் கன்ட்ரோல் மென்பொருள் பற்றிக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் எழுதலாம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். பெங்களூரில் இத்தனை தமிழ்ப் பட்டறைகள் சத்தமில்லாமல் லினக்ஸ்சிஎன்சி, கிரிபில் என்ற அந்த மாதிரி மென்பொருள்களை ஓட்டிக்கொண்டிருப்பது எனக்கே தெரியாது. வந்ததில் பாதிக் கேள்விகள் உண்மையில் வயரிங் கேள்விகள். பரவாயில்லை, அதுவும் நம் பிழைப்புதானே. பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் எல்லோருக்கும் ஏரியா பெயர் மட்டும்.

சார், நானும் என் மச்சானும் ஜாப் ஒர்க் பார்க்கிறோம். பழைய மில்லிங் மெஷினுக்கு ஸ்டெப்பர் மோட்டார் போட்டு, எஸ்.பி. ரோடில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்சிஎன்சி ஓட்டுகிறோம். காலையில் முதல் பீஸ் சரியாக வருகிறது, மதியத்துக்குள் எக்ஸ் அச்சு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. ஓசியில் கிடைப்பது இப்படித்தான் இருக்கும், காசு கொடுத்து கன்ட்ரோலர் வாங்கு என்கிறார்கள். மென்பொருளில் எதை மாற்றினால் சரியாகும்? – பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். முதலில், சின்ன நகர்வையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் ஒன்றை எடுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு வேண்டிய ஒரு தகவல் இல்லை: தள்ளுவது எப்போதும் ஒரே பக்கமா, இல்லை ஒரு நாள் இந்தப் பக்கம் ஒரு நாள் அந்தப் பக்கமா? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

சூட்டினால் நீள்கிறது என்று யாராவது சொல்வார்கள். ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரிக்கு சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். அச்சை நகர்த்தும் உங்கள் திருகு அரை மீட்டர், சூடு பத்து டிகிரி ஏறியது என்று வைத்தாலும் 0.06தான் வருகிறது. அரை மில்லிமீட்டருக்கு வேறு காரணம் இருக்கிறது.

இப்படிச் செய்யுங்கள். டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலை ஆஃப் செய்துவிட்டு, டூல் இல்லாமல், எக்ஸ் மட்டும் 100 மில்லிமீட்டர் போய்த் திரும்புகிற மாதிரி ஒரு குட்டி புரோகிராம் எழுதி 200 தடவை ஓட்டுங்கள். திரும்பி வரும் இடத்தில் டயல் கேஜ். காற்றில் ஓடும்போதே முள் நகர்ந்துகொண்டே போனால் ஒன்று பல்ஸ் நேரம் தப்பு, இல்லை எங்கோ இரும்பு வழுக்குகிறது. ஸ்பிண்டில் ஆஃபில் முள் அசையாமல் இருந்து, ஸ்பிண்டில் போட்டதும் தள்ளினால் சந்தேகம், ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியின் மின் இரைச்சல் பக்கம் போகிறது. சிக்னல் வயரும் ஸ்பிண்டில் கேபிளும் ஒரே குழாய்க்குள் போகிறதா பாருங்கள். பெரும்பாலும் போகும், ஏனென்றால் அப்படி இழுத்தால்தான் பார்க்க அழகாக இருக்கிறது.

பல்ஸ் நேரம் என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் அனுப்பும் ஒவ்வொரு பல்ஸுக்கும், அதாவது மின்துடிப்புக்கும், மோட்டார் ஒரு படி நகரும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டில் ஒவ்வொரு ஸ்டெப்பையும் பத்தாகப் பிரித்திருக்கிறீர்கள், திருகின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு 2000 பல்ஸ், மில்லிமீட்டருக்கு 400. ஒரு பல்ஸ் என்பது 0.0025 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. ஆனால் போய்வரும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பல்ஸ் தப்பினால் 200 முறையில் சரியாக அரை மில்லிமீட்டர். உங்கள் எண் அதுதான்! திசை சிக்னல் மாறியதும் டிரைவருக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்குள் பல்ஸ் வந்துவிட்டால் அந்த ஒரு பல்ஸ் தப்பிவிடும், இல்லை தப்பான பக்கம் எண்ணப்படும். லினக்ஸ்சிஎன்சியில் டிர்செட்டப், டிர்ஹோல்ட் என்று இரண்டு அளவுகள் இதற்காகவே இருக்கின்றன, நானோ நொடிக் கணக்கில். டிரைவரின் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். தாளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால், இரண்டையும் தாராளமாகக் கூட்டிவிட்டு மறுபடி 200 தடவை ஓட்டுங்கள். முள் நின்றுவிட்டால் கதை முடிந்தது.

அடுத்தது கம்ப்யூட்டர். லேட்டன்சி டெஸ்ட் என்று கூடவே வரும் ஒரு சோதனை இருக்கிறது. அதைத் தொடங்கிவிட்டு, பெரிய ஃபைல் காப்பி செய்யுங்கள், வீடியோ ஓட்டுங்கள், ஜன்னல்களை அங்குமிங்கும் இழுங்கள், கம்ப்யூட்டரை நிம்மதியாக விடாதீர்கள். அதிகபட்ச ஜிட்டர் (நேரத் தடுமாற்றம்) 15,000 – 20,000 நானோ நொடிக்குள் இருந்தால் அருமையான கம்ப்யூட்டர். 50,000 வரை சமாளிக்கலாம். ஒரு லட்சத்தைத் தாண்டினால் அந்தப் பெட்டியில், பழைய பிரிண்டர் மாட்டும் பேரலல் போர்ட் வழியாகப் பல்ஸ் கொடுப்பதை மறந்துவிடுங்கள். வேகத்துக்கும் இதுதான் எல்லை: 25 மைக்ரோ நொடிக்கு ஒரு தடவை ஓடும் பேஸ் த்ரெட் (மென்பொருளில் பல்ஸ் கொடுக்கும் பகுதி), சாதாரண முறையில் நொடிக்கு 20,000 பல்ஸ் கொடுக்கும். மில்லிமீட்டருக்கு 400 என்றால் நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

இவ்வளவு நிதானமாகச் சொல்கிறேனே, ஒரு காலத்தில் நானும் உங்களைப் போல்தான். ஒரு மெஷினில் மூன்று நாள் இதே மாதிரி தள்ளியது. நான் மென்பொருளைத் திட்டி, டெவலப்பர்களுக்கு ஒரு நீண்ட புகார் எழுதினேன், கோபத்தோடு. அங்கிருந்து ஒருவர் பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மோட்டார் தண்டிலும் திருகிலும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பார்த்தீர்களா? போட்டேன். அரை மணி நேரத்தில் இரண்டு கோடும் விலகி நின்றன. மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளிங்கின் குட்டி ஸ்க்ரூ லூஸ்! புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இரண்டு நாள் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. அந்தக் கோட்டை இப்போதே போட்டுவிடுங்கள், பைசா செலவில்லை.

அண்ணா, இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். சி, பைத்தான் தெரியும். இந்த மாதிரி மென்பொருளுக்கு புரோகிராம் கோடு எழுதிக் கொடுக்க ஆசை. ஆனால் மெஷின் கிடையாது, ஹாஸ்டலில் இருக்கிறேன். கிரிபில், கிளிப்பர், லினக்ஸ்சிஎன்சி மூன்றில் எதில் தொடங்கலாம்? – கெங்கேரி

மெஷின் இல்லாதது பெரிய தடை இல்லை தம்பி. மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு ஆள் பழக்கத்தில் இல்லாததுதான் தடை.

மூன்றும் மூன்று தினுசு. கிரிபில் 2009-ல் தொடங்கியது. ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் 32 கிலோபைட் நினைவகம், 2 கிலோபைட் ரேம், அதற்குள் ஜி கோடு என்கிற மெஷின் கட்டளை வரிகளைப் படித்து, வேகம் திட்டமிட்டு, மூன்று அச்சுக்குப் பல்ஸ் கொடுக்கிறது. படித்துப் பார்க்க அருமையான கோடு, சின்ன டிபன் பாக்ஸில் கல்யாணச் சாப்பாடு அடைத்த மாதிரி. ஆனால் அதில் புதிதாக ஒரு கரண்டி வைக்கவும் இடமில்லை. அதனால் புது வேலையெல்லாம் அதன் வழிவந்த கிரிபில்ஹால், ஃப்ளூயிட்என்சி போன்றவற்றில்தான் நடக்கிறது. கிளிப்பர் பெரும்பாலும் 3டி பிரிண்டர் உலகம். யோசிக்கிற வேலையை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் செய்யும், எந்த நொடியில் எந்த ஸ்டெப் என்று நேரம் குறித்துச் சின்ன போர்டுக்கு அனுப்பும். நீ பைத்தான் ஆள் என்பதால் உள்ளே நுழைய அது எளிது.

லினக்ஸ்சிஎன்சி எல்லாவற்றுக்கும் பெரியண்ணன். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற தர நிர்ணய நிறுவனத்தில், 1990-களில் இஎம்சி என்ற பெயரில் வளர்ந்தது. அரசாங்க வேலை என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள், பிறகு தன்னார்வலர்கள் கைக்கு வந்தது. அதே எழுத்துகளில் பெயர் வைத்திருந்த ஒரு கம்பெனி ஆட்சேபித்ததால் லினக்ஸ்சிஎன்சி என்று பெயர் மாறியது. முப்பது வருடக் கோடு. சில மூலைகளில் சிலந்தி வலை இருக்கும், பயப்படாதே.

நீ ஹாஸ்டலில் உட்கார்ந்தே தொடங்கலாம். கூடவே வரும் சிம் கான்ஃபிகரேஷனில் மெஷின் இல்லாமலே முழு மென்பொருளும் ஓடும், திரையில் டூல் நகரும். முதல் மாதம் கோடு எழுதாதே. ஹால் என்கிற பகுதியைப் புரிந்துகொள். பழைய ரிலே பேனலில் வயர் இழுப்போமே, அதையே மென்பொருளுக்குள் செய்கிற ஏற்பாடு அது: இந்தப் பின்னிலிருந்து அந்தப் பின்னுக்கு ஒரு சிக்னல், நடுவில் ஒரு ஆண்ட் கேட், ஒரு டைமர். ஹால்ஸ்கோப்பைத் திறந்தால் ஆசிலாஸ்கோப் மாதிரி எல்லாவற்றையும் அலையாகப் பார்க்கலாம். அப்புறம் காம்ப் கோப்பு எழுதிப் பழகு. ஒரு பட்டனை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் மட்டும் சிக்னல் கொடுக்கிற சின்ன பாகம், முப்பது வரி வரும். அங்கேதான் உனக்குக் காலேஜில் சொல்லித்தராத ஒன்று புரியும். உன் கோடு 1 மில்லி நொடிக்கு ஒரு தடவை கூப்பிடப்படும், வேலையை அதில் ஒரு துளி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அங்கே ஃபைல் திறக்கக்கூடாது, மெமரி கேட்கக்கூடாது, எதற்காகவும் காத்திருக்கக்கூடாது. வெப்சைட்டில் 50 மில்லி நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது, இங்கே அதற்குள் கட்டர், பீஸைப் பிடித்திருக்கும் வைஸுக்குள் போய்விடும்.

கோடு அனுப்பும் நாள் வரும்போது, ஒரு மாற்றத்தில் ஒரே ஒரு விஷயம். பிழையைத் திருத்துகிற சாக்கில் பக்கத்து வரிகளின் இடைவெளியை எல்லாம் அழகுபடுத்தி அனுப்பாதே, படிக்கிறவர் சலித்துப்போய் மூடிவிடுவார். ரன்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு இருக்கிறது, முதலில் பிழையைக் காட்டுகிற ஒரு சோதனையை அதில் சேர், பிறகு திருத்து. இன்னொன்று, வாரம் ஒரு நாள் பீன்யாவுக்கு பஸ் ஏறு. ஆபரேட்டர் கீபோர்டில் எந்தப் பட்டனைத் தப்பாக அழுத்துகிறார் என்று ஒரு மணி நேரம் வெறுமனே பார். ஆயில் படிந்த கையுறையோடு அவர் திரையைத் தொடப் போராடுவதைப் பார்த்த பிறகு நீ எழுதுகிற இன்டர்ஃபேஸ் வேறு மாதிரி இருக்கும்.

லினக்ஸ்சிஎன்சியை லேப்டாப்பில் ஓட்டலாமா? விண்டோஸுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் விர்ச்சுவல் பாக்ஸில்? – அல்சூர்

பழகிப் பார்க்க ஓட்டலாம், மெஷினை ஓட்டக்கூடாது. லேப்டாப் பேட்டரியை மிச்சம் பிடிக்க அடிக்கடி கண் மூடும், அந்தக் கண் மூடலில் பல்ஸ் தவறும். யுஎஸ்பி–பேரலல் கன்வெர்ட்டர் வயர் பிரிண்டருக்குத்தான், இதற்கு ஆகாது. பல்ஸை உருவாக்குகிற வேலையை ஈதர்நெட்டில் மாட்டுகிற மேசா மாதிரி ஒரு கார்டிடம் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் 1 மில்லி நொடிக்கு ஒரு தடவை பேசினால் போதும், அப்போது கொஞ்சம் சோம்பேறிக் கம்ப்யூட்டரும் தேறும். லினக்ஸை நேரம் தவறாமல் ஓட வைக்கிற, முன்பு தனியாக ஒட்டுப் போட்டு வந்த பிரீஎம்ப்ட் ஆர்டி, 2024-ல் வந்த லினக்ஸ் 6.12 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது என்பது நல்ல செய்தி.

சார், நான் அக்ரிலிக்கிலும் மரத்திலும் நேம் போர்டு வெட்டித் தருகிறேன். ஊனோ போர்டு, கிரிபில். நேர்கோட்டில் சர்ரென்று போகிற மெஷின், தமிழ் எழுத்துகளின் சுழியில் வந்ததும் ஊர்கிறது. ஃபீடு (நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற வேகம்) 3000 கொடுத்தாலும் ஏறவில்லை. ‘ஃ’ வெட்டுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. மென்பொருளை மேம்படுத்த முடியாதா? – ஸ்ரீராமபுரம்

டீயை முதலில் குடித்துவிடுங்கள் அம்மா, இது கொஞ்சம் கணக்கு.

உங்கள் டிசைன் மென்பொருள் ஒவ்வொரு வளைவையும் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக நறுக்கி அனுப்புகிறது. ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் என்று வைப்போம். ஊனோவில் கிரிபில் 16 கோடுகள் வரைதான் முன்னால் பார்க்கும். அதற்கு மேல் என்ன வருகிறது என்று தெரியாததால், 16-வது கோட்டின் முடிவில் நின்றுவிடக்கூடிய வேகத்திலேயே போகும். மழையில் ஹெட்லைட் எவ்வளவு தூரம் அடிக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில் ஓசூர் ரோடில் வண்டி ஓட்டுவது போல. உங்கள் ஹெட்லைட் 1.6 மில்லிமீட்டர். ஆக்சிலரேஷன் 100 என்று இருந்தால், இரண்டு பெருக்கல் 100 பெருக்கல் 1.6, அதன் வர்க்கமூலம்: நொடிக்கு சுமார் 17.9 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 1070 சொச்சம். 3000 என்ன, 30,000 எழுதினாலும் அதைத் தாண்டாது.

ஆக்சிலரேஷனை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும், வர்க்கமூலம் அப்படி. அதுவும் மோட்டார் தாங்க வேண்டும். கிரிபில் செட்டிங்கில் டாலர் குறியோடு வரும் 120, 121 என்பவைதான் எக்ஸ், ஒய் அச்சுகளின் ஆக்சிலரேஷன், அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், மோட்டார் முனகி ஸ்டெப் விட்டதும் முக்கால் பங்குக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி கோடுகளைக் குறைப்பது. டிசைன் மென்பொருளில் டாலரன்ஸ் (வளைவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவு) 0.001 என்று இருக்கும், நேம் போர்டுக்கு 0.02 போதும், யாரும் லென்ஸ் வைத்துப் பார்க்கப் போவதில்லை. வளைவை ஆர்க்காகவே, அதாவது ஜி2, ஜி3-யாக அனுப்ப வழியிருந்தால் அனுப்புங்கள். கிரிபில் அதையும் உள்ளே நறுக்கும்தான், ஆனால் டாலர் 12-ல் இருக்கும் 0.002 டாலரன்ஸுக்குத் தக்கபடி, வளைவு பெரிதானால் துண்டும் பெரிதாக. கோடுகளுக்கு இடையே திரும்பும் வேகத்தை டாலர் 11 பார்த்துக்கொள்கிறது. வழக்கமான 0.010-ஐ 0.02 ஆக்கிப் பாருங்கள், மூலை மழுங்கினால் திரும்ப வையுங்கள்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால்தான் போர்டு மாற்ற வேண்டும். ஃப்ளூயிட்என்சி ஓடும் இஎஸ்பி32 போர்டில் நினைவகம் அதிகம், அதாவது செட்டிங்கில் ஹெட்லைட்டை நீட்டிக்கொள்ளலாம். லினக்ஸ்சிஎன்சியிலும் ஒரு காலத்தில் இதே வியாதி இருந்தது. அடுத்த ஒரு கோட்டை மட்டும்தான் பார்க்கும், 3டி செதுக்கல் ஆமை வேகத்தில் போகும். 2.7 பதிப்பில்தான் நிறையக் கோடுகளை முன்பார்க்கிற பிளானர் வந்தது. உங்களைப் போன்றவர்கள் இந்த ஃபைலில், இந்த வளைவில், இந்த வேகத்துக்கு மேல் போகவில்லை என்று எண்ணோடு சொன்னால் டெவலப்பருக்கு வேலை எளிது. ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் அவர் என்ன செய்வார்?

மெஷின் செய்து, அதில் லினக்ஸ்சிஎன்சி போட்டு விற்கலாமா? கேஸ் வருமா? – தாசரஹள்ளி

தாராளமாக விற்கலாம். அது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமம். வாங்குகிறவருக்கு நீங்கள் செய்த மாற்றங்களோடு சேர்த்து மூலக் கோடைக் கையோடு கொடுக்க வேண்டும், இல்லை கேட்டால் தருவேன் என்று குறைந்தது மூன்று வருடம் செல்லுபடியாகும் எழுத்து உறுதி கொடுக்க வேண்டும். உங்கள் பட்டறைக்குள்ளேயே மாற்றி ஓட்டினால் யாருக்கும் எதுவும் காட்ட வேண்டியதில்லை. அதில் வெட்டுகிற பீஸும், எழுதுகிற ஜி கோடும் உங்கள் சொத்து.

எமர்ஜென்சி பட்டனை பேரலல் போர்ட்டின் ஒரு இன்புட்டில் கொடுத்திருக்கிறேன். அழுத்தினால் திரையில் சிவப்பாக வந்து நிற்கிறது. போதும்தானே? – ஒகலிபுரம்

போதாது. கம்ப்யூட்டர் தொங்கிப்போன அன்றைக்குத்தான் அந்தப் பட்டன் உங்களுக்கு வேண்டும், அன்றைக்கு அது வேலை செய்யாது. எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் சரி, பட்டன் நேராக கான்டாக்டரை (பெரிய கரண்ட்டை வெட்டும் ரிலே) விழ வைக்க வேண்டும், கான்டாக்டர் மோட்டார் டிரைவருக்கும் விஎஃப்டிக்கும் போகிற கரண்ட்டை வெட்ட வேண்டும். மென்பொருளுக்கு ஒரு வயர் இழுத்து, நான் நிறுத்திவிட்டேன் என்று தகவல் மட்டும் சொல்லுங்கள். பட்டனில், அழுத்தாதபோது மூடியே இருக்கும் என்சி கான்டாக்ட்டை எடுங்கள், எலி வயரைக் கடித்தாலும் மெஷின் நிற்கும். இன்னொரு பாதுகாப்பு சார்ஜ் பம்ப்: மென்பொருள் உயிரோடு இருக்கும்வரை ஒரு பின்னில் துடிப்பு வந்துகொண்டே இருக்கும், துடிப்பு நின்றால் ரிலே விழும்.

இதில் பலர் மறப்பது இசட் அச்சை. கரண்ட்டை வெட்டியதும் கனமான தலை தன் எடையில் கீழே சரியும். அது சரிகிற நேரத்தில் பீஸை எடுக்க யாராவது கை வைத்திருப்பார்கள். பிரேக் உள்ள மோட்டாரோ, எதிர் எடையோ இல்லாமல் அந்தப் பட்டனைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், டேபிளில் ஒரு மரக்கட்டையாவது முட்டுக் கொடுங்கள். விஎஃப்டியின் கரண்ட்டை வெட்டினால் ஸ்பிண்டில் உடனே நிற்காது, தானாகச் சுற்றித்தான் ஓயும் என்பதையும் பக்கத்தில் நிற்கிற பையனிடம் சொல்லிவையுங்கள்.

திரையில் தமிழ் வருமா? எங்களிடம் இருக்கும் ஆபரேட்டர்கள் இருவர் தமிழ், ஒருவர் கன்னடம். இங்கிலீஷ் எரர் வந்தால் மூன்று பேரும் எனக்கு போன் போடுகிறார்கள். – யஷ்வந்தபுரம்

வழி இருக்கிறது. லினக்ஸ்சிஎன்சியின் திரை வாசகங்கள் மொழிபெயர்ப்புக் கோப்புகளாகத் தனியே இருக்கின்றன, வெப்லேட் என்ற தளத்தில் பிரவுசரிலேயே உட்கார்ந்து மொழிபெயர்க்கலாம், புரோகிராமிங் தெரிய வேண்டாம். கோடு எழுதத் தெரியாமல் இந்த மென்பொருளை மேம்படுத்த ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. ஆனால் தயவுசெய்து அகராதியை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஸ்பிண்டிலை ‘சுழல்தண்டு’ என்று போட்டால் உங்கள் ஆபரேட்டர் அதற்கும் உங்களுக்கே போன் போடுவார். ஸ்பிண்டில் ஸ்பிண்டிலாகவே இருக்கட்டும், ஃபீடு ஃபீடாகவே இருக்கட்டும், டூல் டூல்தான். மொழிபெயர்க்க வேண்டியது வாக்கியத்தை. ‘ஜாயின்ட் 0 ஃபாலோயிங் எரர்’ என்று வருகிறதே, அதை ‘எக்ஸ் அச்சு சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, எங்காவது இடிக்கிறதா பாருங்கள்’ என்று போட்டால் பாதி போன் குறையும். ஜாயின்ட் 0 எல்லா மெஷினிலும் எக்ஸ்தான் என்று சொல்ல முடியாது, அதனால் அந்த எண்ணையும் விட்டுவிடாதீர்கள்.

கன்னட நண்பரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மாலையில் இரண்டு மொழிக்கும் வேலை நடக்கும். ஒன்றே ஒன்று: ஹோம், அதாவது அச்சுகளின் ஆரம்ப இடம், என்று வருகிற இடத்தில் யாராவது ‘வீடு’ என்று எழுதியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் திரையில் ‘எல்லா அச்சுகளும் வீட்டுக்குப் போகட்டுமா?’ என்று வந்தால், மெஷின் போகிறதோ இல்லையோ ஆபரேட்டர் கிளம்பிவிடுவார்.